துவைக்காத சேலை

தாராவியிலிருந்து மகள் பேராச்சி அம்மாவுக்கு எழுதுவது. நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் உங்கள் பேத்தி தேறிவருகிறாள். அடுத்த மாதம் வீட்டுக்குக் கொடுப்பார்களாம். இன்னும் என்னைத் தொட விடவில்லை. துண்டை உருட்டிக் கையில் கொடுத்து, பிள்ளையைத் தூக்கவும் பால் புகட்டவும் நர்சம்மா பழக்குகிறாள். நேற்று நான் வாங்கிப்போன புதுத்துணியைப் பார்த்து, "நயா நை, புரானா கப்டா லாவ்" என்று சத்தம் போட்டாள். புதுசு பிள்ளையின் தோலை உரசுமாம், பழசுதான் வேண்டுமாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போன வருஷம் கல்யாணமாகி வந்தவளிடம் பழந்துணி ஏது?

அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார், தபாலில் போட இதைக் கொடுக்க வேண்டும். உங்கள் நைந்த நூல்சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம் அம்மா. கொதிக்கவைத்துப் பிள்ளைக்குக் கிழிப்பதற்கு முன்னால், ஒரு நாள் நான் போர்த்திப் படுத்துக்கொள்கிறேன்.

பேராச்சி