ஏரியின் அடி தெரிந்த நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீயும் "அக்காவுக்கு மூக்குமேல கோபம்" என்று சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுசாகப் படி.

நீ வெளிநாடு போன பிறகும் நம் ஏரிப் பாதுகாப்புக் குழு ஒரு ஞாயிறுகூட விடாமல் படகில் போய், நீ செய்துகொடுத்த வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கிறது. தட்டு எதுவரை கண்ணுக்குத் தெரிகிறதோ அதுவரைதான் தண்ணீர் தெளிவு. விடுதிக்காரர் கழிவுக் குழாயை ஏரிக்குள் விட்டதிலிருந்து, முழங்கை ஆழத்திலேயே தட்டு பாசிக்குள் காணாமல் போகும். போன மாதம் அடிவரை தெரிந்தது. உன் மாமா எப்போதோ தவறவிட்ட மூக்குக்கண்ணாடிகூடச் சேற்றில் கிடப்பது தெரிந்தது. முங்கி எடுத்தோம். படகிலிருந்தே உனக்குப் போன் செய்து குதித்தேன். "நம்ம உழைப்புக்குப் பலன்க்கா" என்றாய். அன்றே பத்திரிகைக்கும் எழுதிப் போட்டாய்.

மறுவாரம் கரையெல்லாம் நத்தைகள் செத்து ஒதுங்கின. பிறகு மீன்கள். நாற்றத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. படகுத்துறைக்குப் பின்னால் காலிச் சாக்குகள், உள்ளே நீலத்தூள். மயில்துத்தம். விடுதிக்காரரிடம் போய்ச் சத்தம் போட்டேன். மனுஷன் அசரவே இல்லை. "என்னை ஏம்மா திட்டுறீங்க? பாசி போகணும்னா இதைக் கொட்டுங்கன்னு சொன்னதே உங்க தம்பிதான்" என்று, நீ அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார். எத்தனை மூட்டை என்பதுவரை சொல்லியிருக்கிறாய்.

வயிறு எரிகிறது எனக்கு. அவர் கொட்டியதற்காக அல்ல, அவர் அப்படிப்பட்ட ஆள்தான். நான் படகில் குதித்தபோது நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? பாவம், நம்பிவிட்டாள் என்றா? பாசியைக் கொல்லும் மருந்து நத்தையையும் விடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே! அடுத்த மாதம் அங்கே நடக்கும் மாநாட்டில், நாம் காப்பாற்றியது என்று படம் காட்ட உனக்கு ஒரு தெளிந்த ஏரி வேண்டுமென்றால், வேறு ஏரியே கிடைக்கவில்லையா?

விஷம் கொட்டிக் கிடைத்தது வேண்டாம் என்று உன் மாமா அந்தக் கண்ணாடியைத் தொட மாட்டேன் என்கிறார். புதிதும் வாங்க மாட்டாராம். செய்தித்தாளை மூக்கில் இடித்துக்கொண்டு படிக்கிறார்.

வியாழக்கிழமை நகராட்சிக் கூட்டம். நாம் எடுத்த அளவையே காட்டி, ஏரி சரியாகிவிட்டது என்று சொல்லி, குழாயை அடைக்கச் சொன்ன நம் மனுவைத் தள்ளப் போகிறார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். யார் சொல்லிக் கொட்டினார்கள் என்று கேட்பார்கள். எனக்குப் பொய் வராது, உனக்கே தெரியும்.

அதற்குள் நீயே அவர்களுக்கு எழுதிவிடு. நீ முதன்முதலில் பேசிய வார்த்தை 'அக்கா' என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவாள். அத்தனை பேர் நடுவில் உன் பெயரை என் வாயால் சொல்ல வைக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. கனமாக எதையும் தூக்காதே. நன்றாக இரு, தம்பி. புதன்கிழமை முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அக்கா