டாயில் கேட்ட மன்னிப்பு

ரவுண்ட் ராக், டெக்சஸ்,
15-3-1998

அன்புள்ள யாமினி அப்பாவுக்கு,

ஸ்வர்ணா எழுதுவது. நானும் யாமினியும் நலம். சான் ஹோசேயில் மழை விட்டதா? உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நேற்று சனிக்கிழமை. வழக்கம்போல் வயலினை எடுத்துக்கொண்டு டிவி ஸ்டேஷனுக்குப் போனேன். டாயில் முப்பது வருஷமாக நேரடி ஒளிபரப்பாக நடத்தும் கன்ட்ரி மியூசிக் நிகழ்ச்சியில், நாலு வருஷமாக நான் உட்காரும் நாற்காலியில், வேறொரு பெண் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

டாயில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். புதன்கிழமை நீங்கள் போன் செய்தீர்களாம். ஸ்வர்ணாவுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் விருப்பமில்லை, கூச்சத்தில் சொல்லாமல் இருந்தாள் என்றீர்களாம். இத்தனை நாள் உன்னைக் கட்டாயப்படுத்திவிட்டேனே, மன்னித்துக்கொள் என்று அந்த எழுபது வயது மனிதர் கண் கலங்கினார்.

உங்களைப் பொய்யர் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஃப்ரீவேயில் பாதி தூரம் வந்த பிறகுதான் நானும் அந்தப் பொய்யில் சேர்ந்துகொண்டது உறைத்தது. வீட்டில் துணைக்கு வந்திருந்த ஜலஜா ஆன்ட்டியோடு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த யாமினி, "வேர் வர் யூ, அம்மா?" என்றாள்.

பொங்கல் விழாவில் உங்கள் நண்பர் நஞ்சுண்டன் எல்லார் முன்பும், "என்ன சேனாபதி, உங்க வொய்ஃப் கௌபாய் டிவியில ஃபிடில் வாசிக்கறாங்களாமே" என்று சிரித்தார். திரும்பி வரும்போது காரில் நீங்கள், "அவன் கெடக்கறான், நீ வாசி" என்றீர்கள். அதை நான் நம்பினேன். நிறுத்து என்று என்னிடமே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், ஒருவேளை நிறுத்தியும் இருப்பேன். நான் சொல்லாததை நான் சொன்னதாக டாயிலிடம் சொன்னீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

யாமினிக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. நீங்கள் வந்தால் காட்ட எடுத்து வைத்திருக்கிறாள்.

டாயிலுக்கு நீங்களே போன் செய்து உண்மையைச் சொல்லுங்கள். என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்க வேண்டாம். அவர் செய்யாத தப்புக்கு அவர் வருந்தக் கூடாது.

நானும் யாமினியும் குடிவர அங்கே பார்த்து வைத்திருக்கும் வீட்டுக்கு இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்வர்ணா