இடது கால் வைக்கும் இடம்

கிளென் ஈடன்,
ஆக்லாந்து.
13 ஜூலை 1997

அன்புள்ள சிவனேசனுக்கு,

கோகுல் எழுதுகிறேன். நீ நலமாக இருப்பதாக உன் அம்மா போனில் சொன்னார்கள். நீயே சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். எப்போது கூப்பிட்டாலும் தூங்குகிறாய் என்கிறார்கள். ஈப்போவில் பட்டப்பகலில் எவன்டா தூங்குவான்? அதனால்தான் கடிதம். நீ தூங்கினாலும் இது தலைமாட்டில் கிடக்கும்.

இங்கே மழை விட்டபாடில்லை. துணி காயவில்லை, சுவரெல்லாம் பூசணம். வெளியே ஓட்ட முடியாத வண்டியைப் பிரித்துப் போட இதைவிட நல்ல காலம் ஏது? பெட்டியில் வந்த பாகங்களை வைத்து நாம் கட்டிய கிட் காரை கராஜில் ஸ்டாண்டுகள் மேல் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றிவிட்டேன். முதலில் ரேடியேட்டரைத் திறந்தேன். டீக்கடைப் பாய்லர் மாதிரி பழுப்பாகக் கொட்டியது. நாம் இரண்டு பேரும் வெயில் நாட்டுக்காரர்கள். குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கை கழுவினோம். துருப் பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலக்க வேண்டும் என்று டப்பா மேலேயே எழுதியிருக்கிறது. இரண்டு பட்டதாரி எஞ்சினியர்களும் டப்பாவைப் படிக்கவில்லை. நல்லவேளை, எஞ்சின் தப்பியது. கழுவிப் புது ஹோஸ் போட்டாயிற்று.

அப்புறம் ஒவ்வொரு போல்ட்டாகப் பார்த்தேன். நீ இறுக்கி முடித்ததற்கு அடையாளமாக ஒவ்வொன்றின் மேலும் இழுத்த சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. அதற்காக டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் நகப்பூச்சு வாங்கினோமே, கடைக்காரம்மா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கோடுகூட விலகவில்லை. ஒரு போல்ட்கூட அசையவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு உனக்கு நன்றி சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். கேட்க யாரும் இல்லை.

நன்றி அதற்கு மட்டுமில்லை. ஆல்பனியில் அந்தக் கம்பெனி வேலை கேட்டுப் போன நம் இருவரையும் ஒரே நாளில் திருப்பி அனுப்பியதே, அன்று நான் சென்னைக்கு டிக்கெட் போடுவது என்று முடிவு செய்திருந்தேன். படிப்புக்கு மார்க் போட்டு விசா கொடுத்துக் கூப்பிட்டவர்களே, வந்து நின்றதும் நியூசிலாந்து அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். நீதான் பஸ்ஸில் அந்த விளம்பரத்தைக் காட்டினாய். சேசியும் பாடியும் பெட்டியில் வரும், மற்றதைப் பழைய ஃபோர்டிலிருந்து கழற்றிப் போடலாம், இந்த வண்டி நம்மிடம் அனுபவச் சான்றிதழ் கேட்காது என்றாய். அன்றிலிருந்து எனக்கு இந்த ஊரில் இருக்க ஒரு காரணம் இருந்தது. இதை உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சினிமா வசனம் பேசாதேடா என்று ஸ்பானரை எறிந்திருப்பாய்.

நீ அடிபட்டதைப் பற்றிய தொழிற்சாலை விசாரணை முடிந்துவிட்டது. நீ விதிமுறையைப் பின்பற்றவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். வேலை தாமதமாகிறது என்று அந்த மெஷின் பெல்ட்டின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைக்கச் சொன்னது யார் என்பதை எழுதவில்லை. நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடையோடு வந்து எல்லாம் தலையெழுத்து என்றார்கள். வாசலைத் தாண்டியதும், இனி இந்தப் பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஆரம்பித்தார்கள். தலையெழுத்து இல்லை, பெல்ட்டுக்கு மூடி இல்லை என்று நான் கத்தினேன். அதிலிருந்து என்னைக் கல்யாணங்களுக்குக் கூப்பிடுவதில்லை. சாப்பாடு நஷ்டம், மற்றபடி நிம்மதி.

இப்போது நீ திட்டப் போகிற விஷயத்துக்கு வருகிறேன். கிளட்ச் பெடலைக் கழற்றிவிட்டேன். கியர்பாக்ஸையும் இறக்கிவிட்டு, அடிபட்ட ஒரு ஃபோர்டிலிருந்து ஆட்டோ கியர் வாங்கி வந்திருக்கிறேன். ஆட்டோ கியர் வண்டி ஓட்டுவது சோபாவில் உட்கார்ந்து டிவி பார்ப்பது மாதிரி என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். ஆக்சிலரேட்டருக்கும் பிரேக்குக்கும் வலது கால் போதும். உனக்கு வலது கால் இருக்கிறது.

ஆட்டோ கியர்பாக்ஸ் தடிமன். இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும் கூட்டுக்குள் போகவில்லை. கூட்டை அகலப்படுத்த வேண்டும் என்றால் டிரைவர் இடது கால் வைக்கும் பக்கம் இடம் எடுக்க வேண்டும். அந்த இடம்தான் சும்மா கிடக்கப் போகிறதே என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மறைக்கவில்லை. சேசிக் குழாயை வெட்டி, டிரைவர் பக்கமாகத் தள்ளி வெல்டிங் வைத்தேன். வெல்டிங் மெஷின் பக்கத்து வீட்டு சமோவாக்காரருடையது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடியும் வரை சத்தம் வேண்டாம் என்பதைத் தவிர அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேர்த்தியாக வந்தது. கியர்பாக்ஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

வார்டில் உன்னைப் பார்த்துக்கொண்ட எலிசபெத் அக்கா மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து உன்னைப் பற்றி விசாரிக்க வந்திருந்தார். பெருமையோடு காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, அது சரி தம்பி, அவர் பொய்க்காலை எங்கை வைக்கிறது, மடியிலையோ என்று கேட்டார்.

சிவா, உனக்கு இனி இடது காலே கிடையாது என்று நானே தீர்மானித்து, இரும்பில் வெல்டிங்கும் வைத்துவிட்டேன். பழக்கூடைக்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் காலுக்குக் கணுக்கால் மடங்காது, மற்றக் காலைவிட அதற்குத்தான் கூட இடம் வேணும், அதைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரையும் தான் பார்த்திருப்பதாக அக்கா சொன்னார். திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

மறுநாளே வெல்டிங்கைப் பிரித்தேன். கியர்பாக்ஸைக் கொஞ்சம் பயணி சீட் பக்கம் நகர்த்தினால் இடம் கிடைக்கும். அந்த சீட்டில் நான்தானே உட்காரப் போகிறேன், முழங்காலை மடக்கிக்கொள்கிறேன். ஆனால் உன் பக்கம் எவ்வளவு விடுவது என்று தெரியவில்லை. அளவு எழுதி அனுப்பு என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். உட்கார்ந்தால் அந்தப் பாதம் எந்தப் பக்கம் சாயும், முழங்கால் எங்கே இடிக்கும் என்பதெல்லாம் காகிதத்தில் வராது. நீ வந்து சீட்டில் உட்கார்ந்தால்தான் நான் சாக்பீஸால் கோடு போட முடியும். மாறுதல் செய்த வண்டிக்குச் சான்றிதழ் தருகிறவரிடமும் பேசிவிட்டேன். ஓட்டப் போகிறவருக்கு அளவெடுத்துச் செய்துவிட்டுக் கொண்டு வாருங்கள் என்றார். ஓட்டப் போகிறவர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா இன்னொன்றும் சொன்னார்கள். அவர்கள்மேல் கோபப்படாதே. ஆஸ்பத்திரியில் செய்து கொடுத்த காலை நீ உறையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாயாம். பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தில் தட்டுகிறதாம். ஒவ்வொரு தடவையும் துடைத்து, தள்ளிய இடத்திலேயே திரும்ப வைக்கிறார்களாம்.

உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை. செப்டம்பரில் மழை குறையும். அதற்குள் வா. வராவிட்டாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது, ஆனால் இந்தக் குழாயை வேறு யாருடைய காலுக்கும் ஒட்ட மாட்டேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் குனிந்து அந்தக் காலை வெளியே எடு. முதலில் வாசல் வரைக்கும் நட. வலித்தால் எனக்கு எழுது. வலிக்காவிட்டாலும் எழுது.

உன்,
கோகுல்