மஞ்சள் காலையில், வெள்ளை இரு வேளை

அன்பு மகன் ரூபினுக்கு உன்னைப் பெற்றவள் பவுனா சொல்லி எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதிவிடட்டுமா என்று பாஸ்டரின் மனைவி லிதியா பேனாவோடு கேட்கிறாள், உயிரோடு இருக்கிறோம் என்று எழுதம்மா, அதுதான் நிஜம் என்றேன். நீ அங்கே ஸ்பெயினில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இருமல் குறைந்து, நல்லபடியாக இருக்க வேண்டும். இதைப் படித்துக் காட்டும் நெலுவுக்கு ஒரு வார்த்தை, தம்பி, கசப்பான இடம் வந்தால் தாண்டிப் போகாதே, இவன் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் கதவைச் சாத்திவிட்டுப் படி.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? தங்கச்சியை அவள் புருஷன் தாஞ்சுவும் அவன் தம்பியும் அடித்தார்கள் என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் என் தலைமேல் சத்தியம் செய்தாய், "தாஞ்சு கழுத்த அறுத்துட்டுத்தான் உன் மூஞ்சியில முழிப்பேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் எடுப்பதில்லை. புதுக் கத்தி வாங்கியிருக்கிறாய் என்று நெலுவின் அம்மா வந்து சொன்னாள். என் தலை என்ன உனக்குக் கிள்ளுக்கீரையா, கேட்காமல் சத்தியத்துக்கு எடுத்துக்கொள்ள? நடந்ததை முழுதாகக் கேள், பிறகு கத்தியை என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

உன் தங்கை லுலுடியின் மாமனார் பெத்ராக்கேவுக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. வீட்டில் எழுத்துத் தெரிந்தவர் யாரும் இல்லை, டாக்டர் படபடவென்று சொன்னதற்கு எல்லோரும் "சரிங்க சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வந்தார்கள். லுலுடிதான் மாத்திரைகளை நிறம் வைத்து மனதில் போட்டுக்கொண்டு கொடுத்து வந்தாள், சர்க்கரைக்குக் காலையில் ஒரு மஞ்சள், கொதிப்புக்குக் காலையும் மாலையும் ஒரு வெள்ளை. ஒருநாள் தவறியதில்லை, கிழவருக்கும் அவள் கையால் வாங்கினால்தான் இறங்கும். பிறகு அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவள் ஆறு வாரம் அடுத்தவர் தட்டையும் கோப்பையையும் தொடக்கூடாதே, அவளைப் பின்னறையில் விட்டார்கள். மாமியார் சஃப்தா வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க, இவள் கட்டிலில் கிடந்தபடி "மஞ்சள் காலையில அத்தை, வெள்ளை ரெண்டு வேளை" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து மருந்துக்கடையில் பழைய மஞ்சள் வரவில்லை என்று வேறு கம்பெனிச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தார்கள், அது வெள்ளை. கடைக்காரப் பெண் ஏதோ சொன்னாளாம், சஃப்தா தலையாட்டிவிட்டு வாங்கி வந்தாள். கொதிப்பு மாத்திரை தீர்ந்து போயிருந்தது, வெள்ளைதானே என்று புது வெள்ளையை அந்த இடத்தில் வைத்துவிட்டாள். மிச்சமிருந்த மஞ்சளும் சர்க்கரைக்கு, இரண்டு வேளை வெள்ளையும் சர்க்கரைக்கு. கிழவருக்குப் பல்வலி வேறு, கஞ்சிகூடச் சரியாக இறங்கவில்லை. ஒரு காலை வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, மேசையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடியிருக்கிறார். பிள்ளைகள் சிரித்தார்கள் ரூபின், "அப்பா காலங்காத்தாலயே ஏத்திட்டாரு" என்று சிரித்து, தூங்கட்டும் என்று படுக்க வைத்தார்கள். மத்தியானம் எழுப்பப் போனால் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பிரயோசனமில்லை.

அங்கே டாக்டர் "சர்க்கரை மாத்திரை அளவுக்கு மீறி உள்ள போயிருக்கு, யார் குடுத்தது?" என்று கேட்டார். பிள்ளைகள் காதில் அது விஷம் என்றே விழுந்தது. கண்ணாடிக் கதவை உடைத்தார்கள், காவலாளியின் மூக்கை உடைத்தார்கள், போலீஸ் தடியால் முதுகு பிளக்க வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். சஃப்தா "அவ சொன்னபடிதான குடுத்தேன்" என்று அழுதாள், அது போதுமாயிருந்தது. தாஞ்சு உன் தங்கையைப் பின்னறையிலிருந்து முடியைப் பிடித்து இழுத்து முற்றத்தில் போட்டான். பெல்ட்டின் இரும்பு முனையால் அடித்தான். முன்பல் மூன்று போயிற்று. அவன் தம்பி, ஆட்டுக்கு மயிர் வெட்டும் கத்தரியை எடுத்து, ஓடிப்போனவளுக்கு வெட்டுவது போல அவள் கூந்தலை ஒட்ட வெட்டினான். பால் கட்டிய மார்போடு, இன்னும் இரத்தம் நிற்காத உடம்போடு அவள் மண்ணில் கிடந்தாள். இதைச் சொல்லும்போது லிதியா எழுதுவதை நிறுத்திவிட்டாள், எழுது என்று அதட்டினேன். நான் இதை உனக்கு மறைக்கவில்லை, பார்த்தாயா.

அடுத்த வீட்டுக்காரி போன் செய்ததும் உன் அப்பாவும் லூக்கா சித்தப்பாவும் கோடரியோடு வேனில் ஏறினார்கள். நானும் ஏறினேன், லிதியா என்னைப் பிடித்து நிறுத்த வந்தவள் அவளும் உள்ளே மாட்டிக்கொண்டாள். போய் இறங்கியதும் பேச்சே இல்லை. லூக்கா வீசியதில் தாஞ்சுவின் தம்பிக்கு முழங்கை முறிந்தது, அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. உன் அப்பாவின் காது இரண்டாகக் கிழிந்து சட்டை முழுக்க இரத்தம். அவர் கால் இடறி விழ, தாஞ்சு அவர் தலைக்கு மேல் கோடரியை ஓங்கிவிட்டான். நான் மேல்பாவாடையை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். "போடுறா பாப்போம்! இது உன் தலையில விழுந்தா ஒருத்தன் உன்னோட உக்காந்து ரொட்டி திம்பானா, உன் பொணத்தத் தூக்க ஆள் வருவானா?" என்று கத்தினேன். ஒரு பெண்ணின் பாவாடை தலையில் பட்டவன் நம் குலத்தில் தீண்டத்தகாதவன், அது அவனுக்கும் தெரியும். ஓங்கிய கை அப்படியே நின்றது. எல்லோரும் பின்வாங்கினார்கள், உன் அப்பா உட்பட. அவரும் பயந்துதான் தவழ்ந்து போனார், பிறகு இல்லை என்கிறார்.

அப்போதுதான் லுலுடி உடைந்த வாயோடு "டப்பாவக் கொண்டாங்க" என்றாள். சஃப்தா மஞ்சள், வெள்ளை இரண்டு டப்பாவையும் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இவள் வெள்ளையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இது என் வெள்ளை இல்ல அத்தை, என் வெள்ளையில நடுவுல கோடு இருக்கும்" என்றாள். லிதியா இரண்டு டப்பாவையும் வாங்கி எல்லோருக்கும் கேட்கப் படித்தாள். மஞ்சளும் இந்த வெள்ளையும் ஒரே மருந்து, பெயர்தான் வேறு. டப்பாவின் மேலேயே பெரிய எழுத்தில் போட்டிருந்ததாம். அந்த முற்றத்தில் அத்தனை பேர் நின்றோம், அந்த எழுத்து எங்களுக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான். சஃப்தா கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்தாள். "இந்தக் கைதான குடுத்துச்சு" என்றாள். கீழே கிடந்த கோடரியை எடுத்து, விறகுக் கட்டையில் கையை வைத்துவிட்டாள். ரூபின், நான் அவளைக் கொல்லத்தான் போனேன். ஆனால் பாய்ந்து பிடித்தது நான்தான். அவள் இடதுகையால் வீசியது என் பெருவிரலைக் கிழித்துக்கொண்டு கட்டையில் இறங்கியது. இரண்டு பேரும் மண்ணில் விழுந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். நான் போயிருந்தாலும் அந்தக் கடைக்காரப் பெண்ணுக்குத் தலையாட்டிவிட்டு அதையேதான் வாங்கி வந்திருப்பேன், என் புருஷனுக்குக் கொடுத்திருப்பேன்.

கிழவரை அடக்கம் செய்தபின் இரு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். தாஞ்சுவும் அவன் தம்பியும் ஒரு வருடம் விலக்கு, யாரும் அவர்களோடு ஒரு தட்டில் கை வைக்கமாட்டார்கள். லுலுடி திரும்பிப் போவதும் போகாததும் அவள் இஷ்டம். இனிமேல் முதலில் கை ஓங்குகிறவன், எந்த வீட்டுக்காரனானாலும், குலத்துக்கு வெளியே. அவள் குழந்தையோடு இங்கேதான் இருக்கிறாள், தலையில் துணி கட்டிக்கொண்டு கஞ்சியை உறிஞ்சிக் குடிக்கிறாள், போவாளா என்று நான் கேட்பதில்லை. குழந்தைக்குப் பெத்ராக்கே என்றே பெயர் வைக்கப் போகிறாள், கொழுகொழுவென்று உன் மூக்கோடு இருக்கிறான். நீ கத்தியோடு வந்தால் அவன் அப்பனைக் கொன்றவன் அவனுடைய மாமன் என்று ஆகும், அவன் சித்தப்பன் உன்னைத் தேடுவான், நான் எத்தனை முற்றத்துக்குத்தான் பாவாடையோடு ஓடுவேன்?

அதனால் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு வெறுங்கையோடு வா. கத்தியோடு இறங்கினால் பஸ் நிலையத்திலேயே அதே பாவாடையை உன் தலையில் போடுவேன், இன்னும் துவைக்கவில்லை. பெற்ற பிள்ளை என்று பார்ப்பேன் என்று நினைக்காதே, நீ உயிரோடு விலக்கானவனாக இருந்தாலும் எனக்குப் போதும். இன்னொன்று, அங்கே தக்காளி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்தில் பூச்சி மருந்தடிக்கிறாயே, டிரம்மில் என்ன எழுதியிருக்கிறது என்று நெலுவைப் படிக்கச் சொல், மேஸ்திரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டாதே. இருமலுக்கு டாக்டரிடம் போனால் வெட்கப்படாமல் "எனக்குப் படிக்கத் தெரியாது, மெதுவாச் சொல்லுங்க" என்று கேள். சிரித்தால் சிரிக்கட்டும். கடவுள் உன் கையையும் மூச்சையும் காப்பாராக, உன் அப்பாவின் ஒன்றரைக் காதும் உன்னை ஆசீர்வதிக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா பவுனா.

கீழே இருப்பது என் கைநாட்டு. குறுக்கே ஒரு வெட்டு ஓடும், காயம் இன்னும் ஆறவில்லை. இதைப் படிக்க உனக்கு நெலு வேண்டாம்.