பரணில் இருப்பவனுக்குப் பேச்சுத் துணை

இன்று காலை ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதியில் ஒரு பழைய வீட்டில் நெட் கனெக்‌ஷன் வேலை. பரண் பலகையைத் தள்ளியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. தூசி, எலிப் புழுக்கை, பித்தளை அண்டா, அந்துருண்டை எல்லாம் சேர்ந்து ஓட்டுச் சூட்டில் வேகிற வாடை. ஏணியில் பாதியிலேயே நின்றுவிட்டேன். நீ இருந்திருந்தால், "என்ன மாப்ள, உள்ள பெருமாள் தரிசனமா?" என்று கேட்டிருப்பாய்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்காரர், ரிடையரான கணக்கு வாத்தியார். நான் மேலே இருக்கும் வரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருங்கள், பதில் தடுமாறினால் உடனே இறங்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வாய்ப்பாடு கேட்க ஆரம்பித்தார். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் நான் திணறியதும் "இறங்குங்கோ" என்று ஒரே பிடிவாதம். மார்கழிக் குளிரில் கேட்டாலும் எனக்கு அது வராது என்று அவரை நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இந்தப் பழக்கம் நீ உண்டாக்கியது. நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆறு வருஷம் ஜோடியாகத் திரிந்தோம். இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஆசை. ஹாலில் ஒயர் தெரியக் கூடாது, சாமி படம் மாட்டிய சுவரில் ஓட்டை போடக் கூடாது, மோடம் பெட்டி கண்ணில் படக் கூடாது, ஆனால் நெட் மட்டும் பிய்த்துக்கொண்டு போக வேண்டும். கடைசியில் எல்லாம் பரணுக்குத்தான் போகும். கம்பத்திலிருந்து வரும் கேபிளை ஓட்டு இடுக்கு வழியாக இழுத்து, குப்புறப் படுத்து ஊர்ந்து, தலைமுடி கனமுள்ள ஃபைபரை அங்கேயே இணைக்க வேண்டும். தூசி பறந்து முனையில் ஒட்டிவிடும் என்பதால் ஃபேனும் வைக்க முடியாது.

தலையில் ஈரத் துண்டு, ஏறும் முன் உப்புப் போட்ட மோர், இருபது நிமிஷத்துக்கு மேல் யாரும் மேலே இருக்கக் கூடாது. இவையெல்லாம் மற்றவர்களும் செய்வதுதான். பேச்சு மட்டும் உன்னுடையது. "சூடு தலைக்கேறினா ஏறினவனுக்கே தெரியாதுடா. கீழ நிக்கிறவனுக்குத்தான் பேச்சுல தெரியும்" என்பாய். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சென்ட்ரலிலிருந்து ஸ்ரீரங்கம் வரை உள்ள ஸ்டாப்புகளை வரிசையாகக் கேட்பாய். பிறகு தலைகீழாகக் கேட்பாய். இடையில் என் மாமனாரையும் வம்புக்கு இழுப்பாய். வீட்டுக்காரர்கள் நம்மைக் கிறுக்கர்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

திருவானைக்காவலில் அந்த வீடு உனக்கு நினைவிருக்கும். கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள். மேலே நான். சத்திரம், மாம்பழச்சாலை என்று சொல்லிக்கொண்டே வந்தவன், அடுத்து பாலக்கரை என்றேனாம். "பஸ்ஸு காவேரியத் தாண்டி திரும்பிப் போகுது மாப்ள, எறங்கு" என்றாய். நான் சரியாகத்தான் சொன்னேன், உன் காதுதான் கோளாறு என்று சண்டை பிடித்தேன். நீ ஏறி வந்து காலைப் பிடித்து இழுத்தாய். கொல்லைப்புறக் குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாய். எனக்கு அரை மணி நேரம் என் வீடு எந்தத் தெரு என்று நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் நீ சூப்பர்வைசரிடம் போய், இவனுக்கு இந்தக் கோடை முடியும் வரை பரண் வேலை கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை ஆபீஸில் புகார் போன் எடுக்க உட்கார வைத்தார்கள். ஏசி மாப்பிள்ளை என்று பையன்கள் கேலி செய்தார்கள். எனக்கு அப்படி ஒரு கோபம். உன்னுடைய டிபன் பாக்ஸைக்கூட என் மேஜைப் பக்கம் வைக்க விடவில்லை. நீ இரண்டு தடவை வந்து நின்றாய். நான் போனில் பேசுவதுபோல் பாவனை செய்தேன், எதிர்முனையில் யாருமே இல்லை.

எனக்குப் பதில் உனக்கு வேறு ஜோடி போடவில்லை. ஒரு வீட்டுக்கு ஓர் ஆள் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு அது தெரியும். ஆபீஸிலேயே உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? தெரிந்தும், படட்டும் என்று விட்டேன்.

பன்னிரண்டாவது நாள் உன்னைப் புத்தூரில் ஒரு மாடி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதற்குக் கீழே பரண். சூடு தாங்காமல் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கீழ்வீட்டில் இருந்தார்களாம். பன்னிரண்டு நாற்பதுக்கு என் போனில் உன் பெயர் வந்தது. எதற்கு என்று எனக்கு உடனே புரிந்தது. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஏறப்போகிறாய், பேச ஓர் ஆள் வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தேன். மேஜைமேல் அது கொஞ்ச நேரம் அதிர்ந்துவிட்டு நின்றது. நீ மறுபடி கூப்பிடவில்லை.

இரண்டு மணிக்கு மேல்தான் வீட்டுக்காரர்கள் ஏறிப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. மூன்று நாள் இருந்தாய். நான் மூன்று நாளும் வராந்தாவில் நின்றேன், உள்ளே வரும் தைரியம் எனக்கு இல்லை. உன்னைப் போடச் சொன்ன இணைப்பை அந்த வீட்டில் பாதியில் விட்டிருந்தாய். அதை நான்தான் போய் முடித்தேன். சுத்தமான வேலை, இரண்டு முனைகளைச் சேர்ப்பதுதான் பாக்கி.

வருஷ திதிக்கு உன் வீட்டுக்குப் போனேன். வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு உன் மனைவி செல்வியிடம், உன் போனை நான் எடுக்காததைச் சொன்னேன். அவள் என்னை ஏசுவாள், இனி இந்த வாசற்படி மிதிக்காதே என்பாள் என்று மனத்தைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். அவள் இலைகளை மடித்து அடுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் போன் அடிச்சாருண்ணே" என்றாள். "ஒரு அம்மாவுக்கு ப்ளவுஸுக்கு அளவு எடுத்துக்கிட்டு இருந்தேன். சும்மா ஏதாச்சும் பேசேன்னாரு. வேலை நேரத்துல என்ன பேச்சு, சாயங்காலம் வந்து பேசுங்கன்னு வச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். பன்னிரண்டே முக்கால் இருக்கும் என்றாள். நான் அவள் மடித்து அடுக்கிய இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள்தான் "ஏதாச்சும் பேசுங்கண்ணே, இப்படி இருக்காதீங்க" என்றாள். நான் உன்னைப் பற்றிப் பேசினேன். என் மாமனாரைப் பற்றி நீ கட்டிவிட்ட கதைகளையெல்லாம் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இப்போது ஆள் துணை இல்லாமல் நான் பரண் ஏறுவதில்லை. சூப்பர்வைசர் முணுமுணுக்கிறார், முணுமுணுத்துக்கொண்டு போகட்டும். யார் கூப்பிட்டாலும் போனை எடுத்துவிடுகிறேன், கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண் கூப்பிட்டாலும். செல்வியிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறேன். தப்பு என் பேரிலும்தான், அவள் பேரில் மட்டும் இல்லை என்று அவளுக்கு ஆறுதல் சொல்கிறேன். அவளும் எனக்கு அதையே சொல்கிறாள்.

ஆனால் எனக்கு உன் போன் வந்தது பன்னிரண்டு நாற்பதுக்கு என்பதை மட்டும் அவளிடம் இதுவரை சொல்லவில்லை. நீ முதலில் கூப்பிட்டது என்னை. நான் எடுத்திருந்தால் அவளுக்கு அந்தப் போனே போயிருக்காது.