திண்டிவனத்துக்குப் போன கோடுகள்

அடி மல்லாட்டை,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, உன் மருமகள் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தாள். எட்டாக மடித்த பெரிய காகிதம். உன் இரும்புப் பெட்டியில், கூறைப்புடவைக்கு அடியில் இருந்ததாம். பிரித்ததும் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது.

"அத்தை இத யாரையும் தொட வுடாதுங்க பெரியம்மா. மேல உங்க ஊரு பேரு போட்டிருக்குது. அதான் உங்ககிட்டயே குடுத்துடலாம்னு" என்றாள்.

ஒரு மாதம் ஆகிறது. காகிதத்தை என் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். தலையணையில் உன் பெட்டி வாசனை வந்துவிட்டது. அதில் நீ என்ன செய்து வைத்திருந்தாய் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். நீ இருந்தபோது சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பாய், அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்திருக்கும்.

பனமலைக்குக் கீழே ஒரே தெருவில் பிறந்தோம். ஐந்தாவது வரை ஒரே பெஞ்சு. பாவாடை மடியில் எந்நேரமும் வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வைத்துக்கொண்டு, டீச்சர் திரும்பினால் வாயில் போட்டுக்கொள்வாய். அதனால்தான் இந்தப் பேர். கல்யாணமும் ஒரே வருஷம். மயிலம் பக்கத்தில் ஓர் ஏரி. அதற்கு இந்தப்புறம் மேட்டில் என் ஊர், அந்தப்புறம் பள்ளத்தில் உன் ஊர். பக்கத்திலேயே இருக்கிறாளே, பேச்சுத்துணை ஆச்சு என்று என் அம்மா சந்தோஷப்பட்டாள். அவளுக்கு என்ன தெரியும்?

உன் ஊரில் மாவு மில் இருந்தது. அதுவும் உன் வீட்டு மில். மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, உரக்கடை எல்லாம் உன் தெருவில். என் ஊரில் ஒரு பெட்டிக்கடை. கேப்பை அரைக்க, மல்லாட்டை உடைக்க, பிள்ளைக்கு ஜுர மருந்து வாங்க, எதுவானாலும் தலையில் டின்னை வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேலே நடந்து உன் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். ஆடு கழிந்தால் என் வீட்டுக்காரர் ஆட்டைப் பார்க்கமாட்டார். "போய் அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு வா" என்பார். நீ மோர் கொடுப்பாய். குடித்துக்கொண்டே உன் வீட்டுச் சன்னல் கம்பிகளை எண்ணுவேன். ஒவ்வொரு தடவையும் எண்ணுவேன், கூடியிருக்கிறதா என்று.

இப்படியே வருஷங்கள் போனபோதுதான் விழுப்புரம் ஆபீசிலிருந்து கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். தொப்பி போட்டுக்கொண்டு, கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். நாம் அவளுக்கு டேப்புப் பொண்ணு என்று பேர் வைத்தோம். மகளிர் குழுத் தலைவிகள் என்று நம் இரண்டு பேரையும் கூட வரச்சொன்னாள். மேலேயிருந்து எடுத்த படத்தைக் காட்டினாள். ஒரு இடத்தைத் தொட்டால் ரோடு மட்டும் வந்தது. இன்னொன்றைத் தொட்டால் வீடுகள், அப்புறம் போர்வெல், அப்புறம் ஏரி. ஒன்றின் மேல் ஒன்றாக வந்து படிந்தன.

"பொடவ மேல பொடவ கட்டிக்கினு வர்றாளே இவ, எத்தினி பொடவடி வச்சிருக்கா?" என்று படத்தில் தெரிந்த ஊரைக் காட்டி நீ கேட்டாய். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் மில்லின் தகரக் கூரையை நீ ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாய். நான் என் வீடு என்று வைக்கோல் போரைக் காட்டினேன். அதற்கும் எரிந்தது எனக்கு.

அவள் வேலையைச் சொன்னாள். "ஒவ்வொரு வீட்டுலயும் கேக்கணும்க்கா. மாவு அரைக்க எங்க போறீங்க, மருந்துக்கு எங்க, பேங்குக்கு எங்கன்னு. எந்த ஊரைச் சொல்றாங்களோ அந்த ஊருக்கு இந்த வீட்டுலருந்து ஒரு கோடு விழும். கோடு எங்க வந்து நெறைய சேருதோ, அங்க சேவை மையம் கட்டுவாங்க. நர்சு, பேங்க் ஆளு, இ-சேவை, ஆடு மாட்டு மருந்து, எல்லாம் ஒரே எடத்துல."

ஐந்தாவதில் கணக்கு வராமல் முட்டி போட்டவள் நான். அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்தது. என் ஊர்க் கோடெல்லாம் உன் ஊரில் போய் விழும். நர்சும் உனக்கு, பேங்கும் உனக்கு. நான் சாகிற வரைக்கும் ஏரிக்கரையில் நடக்க வேண்டும்.

என் ஊரில் அவளோடு வீடு வீடாகப் போனது நான்தானே. அவள் கேட்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன். "எல்லாத்துக்கும் திண்டிவனம்தாம்மா. பஸ்ஸு ஏறினா ஜல்தியா போய்க்கினு வந்துடுவோம்."

மேலத்தெருக்காரி ஒருத்தி விழித்தாள். "ஏங்கா, நாம ஏரிக்கு அந்தாண்டதான அரைக்கறோம்?"

"உனுக்கு இன்னா தெரியும்? ஆபீசுல பெரிய ஊரு பேரு சொன்னாத்தான் மதிப்பானுங்க" என்றேன். அதற்குப் பிறகு யாரும் மாற்றிச் சொல்லவில்லை. திண்டிவனம் என்று சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்கள்.

அந்தப் பெண் மறுவாரம் உன் ஊரில் கணக்கெடுத்தாள். உன் மில்லுக்கு வந்தால் அவள் கண்ணில் படுவேன். வீட்டில் கேப்பை மாவு தீர்ந்துபோய் இவர் முணுமுணுக்க ஆரம்பித்தார். என்ன செய்தேன் தெரியுமா? நிஜமாகவே டின்னைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று ஒரு எண்ணம். திரும்பி வரும்போது டின் சாய்ந்து, பக்கத்தில் நின்ற ஆளின் வெள்ளை வேட்டி எல்லாம் மாவு. கண்டக்டர், "ஏம்மா, உங்க ஊரு பக்கம் மில்லே கெடையாதா? பேஜாரா பூட்ச்சு" என்றார். இல்லை என்று சொன்னேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கொஞ்ச நாள் கழித்து நம் இருவர் கையிலும் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள். அதுதான் இந்தக் காகிதம். ஏரி நீலமாக, ஊர்கள் புள்ளி புள்ளியாக. என் ஊரிலிருந்து கிளம்பிய சிவப்புக் கோடுகள் உன் ஊரை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராகத் திண்டிவனம் போயிருந்தன. உன் ஊருக்கு வந்து சேர்ந்த கோடுகள் போதவில்லையாம். எல்லோரும் திண்டிவனம் பக்கமே போவதால், போகிற வழியில் கூட்டேரிப்பட்டில் மையம் வைக்கலாம் என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம்.

"தப்பு இருந்தா பேனாவால கோடு போட்டு எடுத்துக்கினு வாங்கக்கா. திண்டிவனத்துல மீட்டிங் வச்சு முடிவு பண்ணிடுவாங்க" என்றாள். நம்மோடு பழகிப் பழகி அவளும் போய்க்கினு வந்துக்கினு என்று பேச ஆரம்பித்திருந்தாள்.

அன்றைக்குத்தான் என் பொய் என்ன செய்துவிட்டது என்று புரிந்தது. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை. பஸ் ஏறிப் போகிற தூரம். வயதானவர்கள் லாரி பறக்கிற பெரிய ரோட்டைத் தாண்ட வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கோடு போட்டாலும் என் பொய் வெளியே வந்துவிடும். குழுவை விட்டு எடுத்துவிடுவார்கள். மேலத்தெருக்காரி சும்மா இருப்பாளா? மூடி வைத்துவிட்டேன்.

மீட்டிங்கில் சுவர் முழுக்க அந்தப் படத்தைக் காட்டினார்கள். மேடையில் பெரிய அதிகாரி ஒருவர். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். நீ எழுந்து நின்றாய். தொலைந்தோம், எல்லார் முன்னாலும் என் பொய்யை உடைக்கப்போகிறாள் என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ உதறிவிட்டாய்.

"திருத்தின காகிதம் எங்கக்கா?" என்றாள் டேப்புப் பொண்ணு.

"அது மேல கூழு கொட்டிப்பூட்ச்சும்மா. கேப்பக் கூழு. உன் மேப்பு ஒரு சொம்பு குடிச்சுட்டுது" என்றாய். அதிகாரியே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொன்னாய். "ஐயா, நீங்க கோடையில வந்து படம் புடிச்சிருக்கீங்க. மழக்காலத்துல வந்து பாருங்க. ஏரி ரொம்பி கலங்கல் வழிஞ்சா எங்க ஊருக்குப் பாத கெடையாது. சுத்துப்பட்டு அஞ்சு ஊரும் மாடு கன்னோட வந்து சேர்ற எடம் இதோ, இவ ஊரு மேடுதான். கூட்டேரிப்பட்டுல வச்சா யாரு போவா? இவ ஊருல வைங்க."

அந்தப் பெண் எதையோ தட்டினாள். ஏரித் தண்ணீர் வழிகிற இடம் நீலமாகப் பரவியது. உன் ஊரைச் சுற்றிக்கொண்டது. என் ஊர் மட்டும் மேலே தெரிந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதை ஏம்மா முதல்லயே போடல?" என்று அவளைக் கேட்டார்.

நீ சொன்னது உண்மைதான். எனக்கும் தெரிந்த உண்மைதான். கலங்கல் வழிந்த வருஷங்களில் உன்னையே என் வீட்டில் வைத்துச் சோறு போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை. உன்னிடம் இருப்பதை எண்ணுவதற்கே நேரம் போதவில்லை, என் மேட்டை எங்கே பார்ப்பேன்?

திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் மாற நின்றோம். டீ வாங்கினாய். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "ஏன், உன் ஊருக்கே கேட்டிருக்கலாமே?"

"எனுக்கு மில்லு ஒண்ணு போதும்டி. உன் ஊருக்கும் நாலு பேரு வரட்டும், நீயும் பாரேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். கொடுத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கொடுத்ததைச் சிரித்துக்கொண்டு கொடுத்தாய். எனக்கென்று முதல்முதலாக வந்த ஒன்று, அதுவும் உன் கை வழியாகத்தான் வரவேண்டுமா?

மையம் வந்தது. சாவி என்னிடம். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, வருகிறவர்களை வரிசையில் உட்காரவைப்பது எல்லாம் நான். நீ வாரம் ஒருமுறை சுகர் மாத்திரைக்கு ஏரிக்கரை மேலே நடந்து வருவாய். இப்போது நீ நடந்தாய், நான் வாசலில் நின்றேன். அதைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன். பார்த்தபோது இனிக்கவில்லை. நீ படியேறும்போதே கண்டக்டர் மாதிரிக் கத்துவாய்: "திண்டிவனம் எறங்கு, திண்டிவனம் எறங்கு!" வரிசையில் இருப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். என் டவுன் பவுசைக் கிண்டல் பண்ணுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். வேறெதையும் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

கடைசியில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தாய். மூன்றாம் நாள் நான் வந்தபோது முகத்தில் குழாய். பேச்சில்லை. கையைப் பிடித்தேன், அவ்வளவுதான். உன்னை எடுத்துப்போன அன்று ஐந்து ஊரும் வந்து நின்றது. ஏரிக்கரை கொள்ளவில்லை. அழுதுகொண்டிருந்தபோதே, எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று ஒரு எண்ணம் வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன். இப்போதும் மையத்துக்கு வருகிறவர்கள், "அந்தம்மா சொல்லித்தான இது இங்க வந்துச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள். பெருக்குகிறவளை யார் பார்க்கிறார்கள்?

இனிமேல் காகிதத்துக்கு வருகிறேன்.

கூழ் கொட்டிய கறை எங்கும் இல்லை. மடிப்புகூடக் கலையவில்லை. நீலப் பேனாவால் கோடு போட்டிருக்கிறாய். என் ஊரிலிருந்து உன் ஊருக்கு, ஏரிக்கரை வளைகிற மாதிரியே வளைத்து வளைத்து. எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஊரில் எத்தனை அடுப்போ அத்தனை கோடு. ஒரு வீடும் விடவில்லை. என் வீட்டிலிருந்து வருகிற கோட்டை மட்டும் இரண்டு மூன்று முறை அழுத்தியிருக்கிறாய். மற்றவை மில்லோடு நிற்கின்றன. அது மில்லைத் தாண்டி உன் வீட்டுக்குள்ளே போகிறது. காகிதத்தின் பின்பக்கம் தடவினால் அந்தக் கோடு மட்டும் விரலில் தட்டுகிறது.

இதைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் மையம் உன் தெருவில் நின்றிருக்கும், நான் வெட்கப்பட்டு ஊரைவிட்டே போயிருப்பேன். இரண்டு உண்மை உன்னிடம் இருந்தது. ஒன்றைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, இன்னொன்றை எழுந்து நின்று சொன்னாய். அப்புறம் வாரா வாரம் படியேறிக் கண்டக்டர் மாதிரிக் கத்தினாய்.

இந்தக் காகிதத்தை மையத்துச் சுவரில் ஒட்டலாம் என்று ஒரு நாள் பசையும் எடுத்தேன். ஒட்டவில்லை. ஒட்டினால் உன்னை இன்னும் புகழ்வார்கள். அதற்கு எனக்கு மனசு இல்லை. இது ஒன்றாவது என்னிடமே இருக்கட்டும். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பெருக்கும்போதெல்லாம் அந்த அழுத்தின கோடு விரலில் தட்டுகிற மாதிரியே இருக்கிறது.

நீ சிரித்துக்கொண்டு போட்டிருந்தால் தாங்கிக்கொள்வேன். அது நமக்குள் இருக்கிற விளையாட்டு, பெஞ்சிலிருந்தே வருவது. பாவம் என்று நினைத்துப் போட்டிருந்தால்தான் தாங்கமுடியாது. ஒன்றை மட்டும் சொல்லடி மல்லாட்டை: என் வீட்டுக் கோட்டை அத்தனை தடவை அழுத்தினாயே, அப்போது நீ சிரித்தாயா, என்னைப் பாவம் என்று நினைத்தாயா?