மூட்டையின் ஊசி அட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு பரவாயில்லை, அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள் என்று பயந்துவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் என்றால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நீ இருமினால்கூட அது என்ன இருமல் என்று கேட்கிறார். அதுவுமில்லாமல் எனக்கு வாயால் சொல்ல வராது என்று உனக்குத்தான் தெரியுமே, கையால் என்றால் கொஞ்சம் வரும்.

மூட்டை போய் இருபத்து மூன்று நாள் ஆகிவிட்டது. அப்பா இன்னும் செருப்பைக் கழற்றி அலமாரி மேலேதான் வைக்கிறார், கடிக்கத்தான் இப்போது நாய் இல்லையே. அவருடைய வேலைச் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் எங்கேயாவது ஒரு வெள்ளை முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது, லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற இடத்தில் அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையிலேயே போட்டுக்கொள்கிறார் போலிருக்கிறது, நேற்று சட்டைப் பையைத் தட்டும்போது பார்த்தேன். நீ முதன்முதலில் அதைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது, உன் பொண்ணு யாரையும் கேக்காம ஒருத்தனைக் கூட்டிட்டு வந்துட்டா, அப்ப மாப்பிள்ளைதானே என்று கேலி செய்தவர், கடைசிவரை அதை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார். இப்போது அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

போன வாரம் நீ ஒன்று கேட்டாய். ஊருக்குத் திரும்பும் சிநேகிதி தன் நாயை உன்னிடம் விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறாள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், வாங்கிக்கொள்ளட்டுமா என்று. அப்பா யோசிக்காமல், எடுத்துக்கோ கண்ணு, அங்கயாவது நல்ல டாக்டர் இருப்பாங்க என்றார். நான் அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபமா என்று நீ கேட்டாய். கோபம் இல்லை. மூட்டை உனக்கு என்ன செய்தது என்று எனக்குத் தெரியாதா என்ன? காலேஜ் முதல் வருஷம் அந்த மாடி அறையில் தனியாக இருந்தபோது நீ போனில் ம், சரி இரண்டைத் தவிர வேறு பேசமாட்டாய், என் கூச்சம் அப்படியே உனக்கும் வந்துவிட்டதே என்று நான் அழுதிருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் பழைய சாக்குக்குள் கிடந்த குட்டியைத் தூக்கி வந்த பிறகுதான் நீ வாயைத் திறந்தாய். அதை நடத்திக் கூட்டிப் போவதற்காக ஐந்து மணிக்கு எழுந்தாய், தெருவில் தையல்காரர் பேசினார் பேப்பர் போடுகிறவர் பேசினார் என்று எனக்குக் கதை சொன்னாய், நாயின் பெயரைக் கேட்டவர்கள் உன் பெயரையும் கேட்டார்கள். பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விட்டது என்று நீ படுத்தே கிடந்த அந்த வாரத்திலும் அதற்குச் சோறு வைக்கவாவது எழுந்தாய். அதையெல்லாம் நான் மறக்கவில்லை, மறந்துவிட்டு இதை எழுதவும் இல்லை.

அது எப்படிப் போனது என்று போனில் உனக்குச் சொன்னது பாதிதான். மழை விட்ட மறுநாள் அது பின்பக்கச் சாக்கடைத் தண்ணீரில் வாய் வைத்ததை நானே விரட்டியிருக்கிறேன். அடுத்த வாரம் திங்கட்கிழமை சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தது. செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு வேலை, நான் லீவு சொல்லிவிட்டு வண்டி பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண், இந்த வருஷம்தான் வேலையில் சேர்ந்திருக்கிறாள், உன்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டிருக்கீங்களாம்மா என்று கேட்டாள், நீ வெளிநாடு போகும்போது அதோடு விட்டுப்போன அட்டையை நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு, இந்த வருஷத்துக்கும் போட்டாச்சு, அப்ப எலிக் காய்ச்சலா இருக்காது, கண்டதைத் தின்னிருக்கும் என்று சொல்லி வயிற்றுக்கு மருந்து கொடுத்து, நாளைக்கும் இப்படியே இருந்தால் கூட்டி வாருங்கள் என்றாள்.

அட்டையைத் திரும்ப வாங்கிப் பையில் வைக்கும்போதுதான் நான் அதை முதன்முறையாகச் சரியாகப் பார்த்தேன். பதினெட்டு வருஷமாகச் சான்றிதழ் சரிபார்க்கும் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன், எந்த மதிப்பெண்ணில் யார் கை பட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கடைசி வரியில் இருந்த ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. நீ ஐந்தாம் வகுப்பிலிருந்து போடும் கோடு. அதற்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் கையெழுத்தும் மேல் வரிகளில் ஓடியிருந்தது, அந்த வரியில் மட்டும் மெதுவாக நடந்திருந்தது. தேதியைப் பார்த்தேன், உன் கடைசிப் பரீட்சை வாரம். ஊசி அட்டையைக் காட்டாவிட்டால் நாயை வெளியே விட வேண்டும் என்று மாடி அறை வீட்டுக்காரர் கெடு வைத்தாரே, அதே வாரம். ஆஸ்பத்திரி திறந்திருக்கும் நேரமெல்லாம் நீ பரீட்சை ஹாலில் இருந்திருப்பாய். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய், அப்புறம் விசா, டிக்கெட், பெட்டி. ஒருவேளை நீயே மறந்துபோயிருப்பாய். உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, பரீட்சை பரீட்சை என்று உன்னைச் சுற்றிச் சுற்றி வந்தவள் நான்தான், அந்த வாரம் உன் நாய்க்கு ஊசி போட வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லீவு போட்டு வந்திருப்பேன் என்று இப்போது சொல்வது எளிது.

ஆனால் என் பங்கு வேறு. டாக்டர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது, நான் நின்ற இடத்திலிருந்து நாலே எட்டு வைத்தால் போதும். கூடையில் பூனையோடு ஒருவர், கிளிக் கூண்டோடு ஒரு அம்மா, எல்லோரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. என் மகள் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஊரார் பிள்ளைகளின் சான்றிதழைச் செல்லாது என்று திருப்பி அனுப்புகிற நான்? வெட்கம் பிடுங்கித் தின்றது. நாளைக்குச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அதன் கண் மஞ்சளாக இருந்தது. ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, உடனே ரத்தம் எடுத்தாள், மருந்தை மாற்றினாள், மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் பக்கத்தில் இருந்தாள், மனுஷருக்கும் ஒட்டும் என்று எங்கள் இரண்டு பேரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினாள், எங்களுக்கு ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் மூட்டை போய்விட்டது. செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். நிச்சயமா சொல்ல முடியாதும்மா, ஆனா இந்த நோய்ல ஒரு நாள்ங்கறது பெரிசு என்றாள்.

அப்பா வந்து அங்கேயே சத்தம் போட்டார். எலிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க உனக்கு ஒரு நாள் வேணுமா, எல்லா ஊசியும் போட்ட நாய்ம்மா இது, அட்டையைப் பாரு, நீயெல்லாம் எதைப் படிச்சுட்டு வந்தே என்று கேட்டார். அந்தப் பெண் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று நினைத்திருக்கிறாள். நான் மூட்டையின் கழுத்துப்பட்டையைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டேன், அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றிலிருந்து அப்பா ஏறி இறங்குகிற லிஃப்டில் எல்லாம் அவளைப் பற்றித்தான் பேச்சு. இப்போது ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரிக்குப் புகார் எழுதியிருக்கிறார், அவளை வேலையை விட்டே எடுக்க வேண்டுமாம். உன் கையெழுத்துதான் அழகா இருக்கும், நல்லபடியா பிரதி எடுத்துக் கொடு, கூடவே அந்த அட்டையையும் வெச்சுக் குத்து என்று இன்று காலையில் நல்ல தாளாக நான்கைந்து வாங்கி வைத்துவிட்டு, எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஓடியிருக்கிறார். அந்தத் தாளில்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வந்ததும் சொல்லிவிடப் போகிறேன். என் பங்கைச் சொன்னால் உன் பங்கும் வந்துவிடும், பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. உன்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். ஆனால் போனில் நீ அப்பாகிட்ட சொல்லாதேம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் கரைந்துவிடுவேன், அதனால்தான் மெதுவாகப் போகிற கடிதம். இது உன் கைக்கு வரும்போது அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். சில நாள் அவர் போனுக்கு வராமல் இருக்கலாம், குரல் கட்டிக்கொண்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், வரவில்லை என்றுதான் சொல்வேன். நீ அழு, ஆனால் கூப்பிடுவதை நிறுத்திவிடாதே. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்பேன், அப்பா கூட வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அந்த நாயை வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன், தனியாக இருக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய துணை என்று கண்ணால் பார்த்தவள். ஒன்று மட்டும் யோசித்துக்கொள். பரீட்சையன்று காலையில் அதற்கு முடியாமல் போனால் எதை விடுவாய் என்று இப்போதே முடிவு செய். விடமுடியாது என்றால் யாரைக் கூப்பிடுவாய் என்று ஒரு ஆளைக் கேட்டு வைத்துக்கொள், கேட்க வெட்கப்படாதே, வெட்கம் என்ன செய்யும் என்று நான் பார்த்துவிட்டேன். அதன் அட்டையை அந்தச் சிநேகிதியின் வாய்ப்பேச்சை நம்பி வாங்காமல் டாக்டரிடம் காட்டு. எதை விடுவாய், யாரைக் கூப்பிடுவாய் இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் இந்த வருஷம் வேண்டாம், அதற்கு வேறு நல்ல வீடு கிடைக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் துணையோடு, தலை நிமிர்ந்து இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. அந்த டாக்டர் பெண்ணின் முகவரியைத் தனித் துண்டுத் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவளுக்கு நீ ஒரு கடிதம் போட வேண்டும், என்னிடம் அனுப்பி என் மூலமாக இல்லை, நேராக அவளுக்கே. என்ன எழுதுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. கடைசியில் உன் கையெழுத்தைப் போடு.

உன்மேல் கோபமே இல்லாத
அம்மா